மீன் பிடிக்கிறவனைச் சேர்க்காதே

என் நைனாவைப் படையில் சேர்க்கக் கூடாது என்று 1,600 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் எழுதி வைத்துவிட்டார். நைனா மட்டுமில்லை. பெரிப்பா, சித்தப்பா, தாத்தா, காசிமேட்டில் கட்டுமரம் தள்ளிய ஒருத்தரும் ஆகாது. முதல் புத்தகம், ஏழாம் அத்தியாயம். மீன் பிடிக்கிறவன், பறவை பிடிக்கிறவன், பலகாரம் போடுகிறவன், துணி நெய்கிறவன், பொம்பளைங்க வேலை மாதிரி எதையாவது தொட்டவன், இவர்களைப் பாளையத்துப் பக்கமே விடாதே என்கிறார். அப்புறம் யாரைத்தான் எடுப்பதாம்? இரும்படிக்கிற கொல்லர், வண்டி செய்கிற தச்சர், கறி வெட்டுகிறவர், மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாடுகிறவர். புளியந்தோப்பு கறிக்கடை பாய் பாஸ். நாங்கள் ஃபெயில்.

எழுதியவர் ஒரு ரோமானியர், பெயர் புப்லியுஸ் ஃப்ளாவியுஸ் வெஜீஷியஸ் ரெனாட்டஸ். படையும் போரும் பற்றிய அவர் நூலில் நாலு பாகம், ஒவ்வொன்றையும் புத்தகம் என்பார்கள். லத்தீனில் வேறு மாதிரி உச்சரிப்பார்கள், நான் இங்கிலீஷில் படித்ததால் வெஜீஷியஸ் என்றே பழகிவிட்டது. புத்தகத்தை வாங்கியது 1987இல். மூர் மார்க்கெட் எரிந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய புத்தகக்காரர்கள் சென்ட்ரலை ஒட்டி வேறு இடத்தில் கடை போட்டிருந்தார்கள். அட்டை போன புத்தகம், பன்னிரண்டு ரூபாய் சொன்னார், எட்டுக்குக் கொடுத்தார். அப்போது எனக்கு வயசு 24. பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை நனைந்தது, எத்தனை கிழிந்தது என்று கட்டம் போட்ட தாளில் கோடு கிழிக்கிற வேலை. நாலு கோடு, அதன் மேல் குறுக்கே ஒன்று, ஆக அஞ்சு. 31 வருஷம் இதைத்தான் செய்தேன்.

அந்த ஆபீசில் ஒரு மேனேஜர். நான் ஃபைல் கொண்டுபோய் வைத்தால் மூக்கைச் சுளிப்பார். "உங்க வீட்டு சோப்பு போட்டுக் குளிச்சாலும் போகாதாப்பா அந்த வாடை?" என்று ஒருநாள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். நான் சிரித்தேன். வேலை வேண்டுமே. அன்று ராத்திரிதான் இந்த ஏழாம் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தேன். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவனுக்கு அந்த ஒரு வரி மட்டும் டிக்‌ஷனரி இல்லாமலே புரிந்தது. புத்தகத்தைச் சுவரில் அடித்தேன். முதுகு பிய்ந்தது அன்றுதான்.

மறுநாள் எடுத்து ஒட்டினேன். காரணம் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்துக்குப் பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று புரட்டிக்கொண்டு போனால், எங்கள் வாத்தியார் பேசுகிற மாதிரியே இருந்தது.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. குத்துச்சண்டை வாத்தியார். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெருவுக்கு ஒருத்தர் இருந்த காலம் அது. எங்கள் வாத்தியார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பூவரச மரக்கிளையில் கோணிப்பையைக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே கடற்கரை மணலும் கிழிந்த துணியும் அடைத்திருப்பார். மழை பெய்தால் மணல் ஈரம் ஏறிப் பை கல்லாகிவிடும். அன்றைக்குத்தான் "இன்னிக்கு குத்துடா" என்பார். காய்ந்த பையில் நாலு நாள் குத்துவதைவிட ஈரப் பையில் ஒரு நாள் குத்துவது மேல் என்பது அவர் கணக்கு. முட்டி தோல் உரிந்துவிடும். மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் தடவிக்கொண்டு படுப்போம்.

வெஜீஷியஸ் என்ன சொல்கிறார்? புதுசாகச் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக ஒரு கம்பம் நடு. தரைக்கு மேலே ஆறடி நிற்க வேண்டும், ஆடக் கூடாது. அவன் கையில் மரக்கத்தி, பிரம்பால் முடைந்த கேடயம், இரண்டும் நிஜத்தைப் போல இரண்டு மடங்கு எடை. அந்தக் கம்பத்தையே எதிரியாக நினைத்துத் தலை, முகம், விலா, கால் என்று மாற்றி மாற்றித் தாக்க வேண்டும். காலையில் ஒரு முறை, மத்தியானத்துக்கு மேல் ஒரு முறை. கனமான பொய் ஆயுதத்தில் பழகிய கைக்கு நிஜ ஆயுதம் வரும்போது இறகு மாதிரி இருக்கும் என்கிறார். ஈரக் கோணிப்பைதான் வேறென்ன.

அடுத்த அத்தியாயம் இன்னும் பொருத்தம். கத்தியை வீசாதே, குத்து. வீசுகிறவனைப் பார்த்து ரோமானியர்கள் சிரிப்பார்களாம். எவ்வளவு வேகமாக வீசினாலும் கேடயமும் எலும்பும் தடுத்துவிடும். ஆனால் இரண்டு அங்குலம் உள்ளே இறங்கிய குத்து ஆளை முடித்துவிடும். தவிர, வீசுவதற்குக் கையைத் தூக்கினால் உன் வலது விலா திறந்துகொள்கிறது. குத்துகிறவன் உடம்பை மூடிக்கொண்டே குத்துகிறான், எதிரி பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

"வீசாதடா, நீ இன்னா கொசுவா ஓட்டுற? நேரா குத்து." வாத்தியார் இதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். நான் வீசுகிற ஆள். கையைச் சுழற்றி அடிப்பதில் ஒரு பந்தா. ஒருநாள் வாத்தியார் தானே எதிரே நின்றார். நான் வலது கையைச் சுழற்றிக் கொண்டுவருவதற்குள் என் விலாவில் ஒன்று இறங்கியது. பலமே இல்லை, தட்டின மாதிரிதான். மூச்சு நின்றுவிட்டது. மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "பாத்தியா, கதவ தொறந்து வச்சிகினு என்ன கூப்புடுற" என்றார். அதோடு எனக்குக் குத்துச்சண்டை வராது என்று தெரிந்துவிட்டது. ஆனால் எதனால் வரவில்லை என்றும் தெரிந்துவிட்டது, அது சின்ன விஷயம் இல்லை.

வாத்தியாருக்கு வெஜீஷியஸ் என்றால் யாரென்று தெரியாது. வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது. ஒரே உடம்பு, ஒரே விலா எலும்பு, யார் யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கும் போல. இன்னொன்றும் ஒத்துப்போனது. தோற்று ஓடுகிற எதிரிக்கு வழியை அடைக்காதே, போக இடமில்லாதவன் சாகத் துணிந்து திரும்புவான் என்று மூன்றாம் புத்தகத்தில் வருகிறது. "மூலையில மடக்கிட்டா ஜெயிச்சிட்டேன்னு நெனைக்காத, அப்பதான் அவன் முட்டுவான்" என்று வாத்தியார் ரிங் ஓரத்தில் நின்று கத்தியது காதிலேயே இருக்கிறது.

இத்தனையும் எழுதிய வெஜீஷியஸ் எவ்வளவு பெரிய சண்டைக்காரர் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் போர்க்களத்தில் நின்ற ஆள் இல்லை. தன் அனுபவம் என்று அவர் எதையும் சொல்வதே கிடையாது. கேட்டோ, செல்சுஸ், ஃப்ரான்டினுஸ், பட்டெர்னுஸ் என்று பழைய ஆட்கள் எழுதியதையும், அகஸ்டஸ், டிராஜன், ஹேட்ரியன் என்ற மன்னர்கள் போட்ட சட்டங்களையும் படித்துத் தொகுத்தேன், என் சொந்தச் சரக்கு ஒன்றுமில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம். குதிரை, கோவேறு கழுதை வைத்தியம் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதில்தான் சொந்த அனுபவம் நிறைய தெரிகிறது.

காலம் எது என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். 383இல் கொல்லப்பட்ட கிரேஷியன் என்ற மன்னரைக் காலமானவர் என்று குறிப்பிடுகிறார், அதனால் அதற்குப் பிறகு. 450இல் கான்ஸ்டான்டினோபிளில் யூட்ரோபியுஸ் என்பவர் இந்தப் புத்தகத்தைத் திருத்திப் படி எடுத்திருக்கிறார், அதனால் அதற்கு முன். நடுவில் எங்கேயோ. யாருக்கு எழுதினாரோ அந்த மன்னரின் பெயரைக்கூடப் போடவில்லை. ஆனால் நிலைமை என்ன என்று தெரிகிறது. 378இல் ஏட்ரியானோபிளில் கோத்துகள் என்ற இனத்தாரிடம் ரோமானியப் படை நாசமாகி, மன்னர் வாலன்ஸே செத்துப்போயிருந்தார். கிரேஷியன் காலத்திலிருந்து காலாட்படைக்காரன் கவசம் கனக்கிறது என்று கழற்றினான், அப்புறம் தலைக்கவசத்தையும் கழற்றினான், இப்போது திறந்த மார்போடு அம்பு வாங்கிக்கொண்டு ஓடுகிறான் என்று வெஜீஷியஸ் பொருமுகிறார். பழசையெல்லாம் தூசு தட்டி எடுத்து, இப்படி இருந்தோமே என்று மன்னரின் சட்டையைப் பிடித்து உலுக்குகிற புத்தகம் இது. முதல் புத்தகம் மன்னருக்குப் பிடித்துப்போய், மேலே எழுது என்று சொன்னதால் மற்றது வந்தது. முதலில் ஆள் எடுப்பு, பயிற்சி. இரண்டாவது, லீஜன் என்ற படைப்பிரிவின் அமைப்பு. மூன்றாவது, போர் நடத்தும் வழி. நாலாவதைப் பிறகு சொல்கிறேன், அதில்தான் விஷயமே இருக்கிறது.

மீன்காரன் விஷயத்துக்கு வருகிறேன். ஏழாம் அத்தியாயத்தில் எங்களை வெளியே தள்ளினார் இல்லையா? மூன்றே அத்தியாயம் தள்ளி, பத்தாவதில், எல்லாப் படைவீரனும் கோடைக்காலத்தில் நீச்சல் பழக வேண்டும் என்கிறார். ஆற்றுக்கு எப்போதும் பாலம் இருக்காது, பின்வாங்கும்போதும் துரத்தும்போதும் நீந்தித்தான் போகணும், திடீர் வெள்ளம் வரும். குதிரைகளும் எடுபிடி ஆட்களும்கூட நீந்தப் பழக வேண்டுமாம். ஏன் சாமி, நீந்தத் தெரிந்தே பிறக்கிறவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, குதிரைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாயே! ஓரத்தில் பென்சிலால் இதை எழுதி வைத்தேன். இன்னமும் இருக்கிறது.

கோபத்தை மறக்கடித்தது இரண்டாம் புத்தகம். கணக்கெழுதுகிறவனுக்கு அது விருந்து. படையில் ஆள் எடுக்கும்போது உயரமும் தோளும் மட்டும் பார்க்காதே, எழுதவும் கணக்குப் போடவும் தெரிந்தவனையும் எடு என்கிறார். லீஜனில் யார் எந்த ராத்திரி காவல், யாருக்கு லீவு, எத்தனை நாள், எல்லாம் தினம் தினம் ஏட்டில் ஏறுமாம், வரிக்கணக்கைவிடத் துல்லியமாக. அப்புறம் பணம். மன்னர் கொடுக்கிற இனாமில் பாதியைப் படைக்கொடி இருக்கிற இடத்தில் சேமித்தே ஆக வேண்டும். கையில் கொடுத்தால் குடித்தே அழித்துவிடுவான். லீஜனுக்குள் கோஹார்ட் என்று பத்துப் பிரிவு, ஒன்றுக்கு ஒரு பை, ஆகப் பத்துப் பை. காசு கொடியடியில் கிடக்கிறது என்றால் கொடியை விட்டு ஓட மாட்டான், உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பதினொன்றாவதாக இன்னொரு பை. அதில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் போட வேண்டும். கூட்டாளி செத்துப்போனால் அடக்கச் செலவுக்கு.

பதினொன்றாவது பையைப் படித்ததும் எழுந்து தண்ணீர் குடித்தேன். எங்கள் தெருவில் சாவுச் சங்கம் உண்டு. மாசம் இவ்வளவு என்று நோட்டுப் போட்டு வசூல், வீட்டில் யாராவது போனால் பந்தல், பாடை, பூ, தாரை தப்பட்டை எல்லாவற்றுக்கும் அதிலிருந்து கை நீளும். நைனா செத்தபோது அந்த நோட்டில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் பாக்கி இல்லை என்று அம்மா சொன்ன தொனி, ஏதோ பட்டம் வாங்கின மாதிரி. அந்த நோட்டை எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

இந்தப் புத்தகம் இல்லாமல் ஐரோப்பாவில் ராஜாக்கள் படுக்கப்போக மாட்டார்கள் என்கிற அளவுக்குப் பின்னால் பேர் வாங்கியது. லத்தீன் கையெழுத்துப் பிரதிகளே 200க்கும் மேல் தப்பியிருக்கின்றன. மதம் சாராத புத்தகத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. 9ஆம் நூற்றாண்டில் ஹ்ராபானுஸ் மௌருஸ் என்ற பேராயர் ஒரு ராஜாவுக்காக இதைச் சுருக்கிக் கொடுத்தார், இந்தக் காலத்துக்கு உதவுவதை மட்டும் எடுத்தேன் என்று குறிப்போடு. 1150 வாக்கில் ஆஞ்சூ பிரபு ஜியோஃப்ரி ஒரு கோட்டையைப் பிடிக்க முடியாமல் வெளியே கிடந்தபோது, வெஜீஷியஸைப் படித்துக்கொண்டிருந்ததை மடத்துத் துறவிகள் பார்த்தார்களாம். மறுநாள் இரும்புப் பானையில் எண்ணெயைக் கொதிக்கவைத்துக் கவண்பொறியால் வீசித் தீ வைத்துவிட்டார் என்று ஒரு துறவி எழுதியிருக்கிறார். 1284இல் ஜான் த மன் ஃபிரெஞ்சில் பெயர்த்தார். 1408இல் இங்கிலீஷ் வந்தது. கிறிஸ்டீன் த பிஸான் என்ற பெண் எழுதிய போர்நூலில் இவர் சரக்கு நிறைய இருக்கிறது, அதை 1489இல் கேக்ஸ்டன் இங்கிலீஷில் அச்சடித்தார். பொம்பளைங்க வேலையைத் தொட்டவனைக்கூடச் சேர்க்காதே என்றவரின் புத்தகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் ஒரு பெண்ணுக்கும் பங்கு என்பதில் எனக்கு ஒரு குரூர சந்தோஷம்.

அப்புறம் இத்தாலிக்காரர் மாக்கியவெல்லி, 1521இல் வந்த அவர் போர்நூல். இவரிடமிருந்து அள்ளியிருக்கிறார். "அமைதி வேண்டுமென்றால் போருக்குத் தயாராகு" என்று எல்லா நாட்டு மந்திரியும் மேடையில் சொல்கிறார்களே, அதன் வேர் மூன்றாம் புத்தகத்தின் முன்னுரை. அமைதியை விரும்புகிறவன் போருக்கு ஆயத்தம் செய்யட்டும் என்பது அவர் வாக்கியம். போருக்குத் தயாராகு என்பதன் லத்தீனை எடுத்து பாராபெல்லம் என்று ஒரு துப்பாக்கிக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்த வாக்கியம் வேறு: பட்டினி கத்தியைவிடக் கொடியது. சண்டையில் அழிகிற படையைவிடச் சோறில்லாமல் அழிகிற படைதான் அதிகம் என்கிறார். ஐப்பசி கார்த்திகையில் இருபது நாள் மரம் கடலில் இறங்காமல், அம்மா கால் கொலுசைக் கழற்றி சேட்டுக் கடைக்கு எடுத்துப்போனதைப் பார்த்தவனுக்கு இதற்கு உரை வேண்டாம்.

ஊர்ப்பக்கம் ஒரு நூல் ஓடுகிறது, அறுந்து அறுந்துதான். ரோமானியர்கள் போல வீரர்களைத் தினம் பயிற்சியில் போட்டு வறுத்தெடுக்க வேண்டும் என்று 1590களில் நினைத்தவர் ஹாலந்தின் மாரிஸ் இளவரசர். லைடனில் அவர் படித்தபோது அங்கே இருந்த பேராசிரியர் லிப்சியுஸ் ரோமானியப் படையைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். அந்த மாரிஸ் ஆட்சியில் இருக்கும்போதே, 1613இல், டச்சுக்காரர்கள் நம் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இப்போது போனால் கல்லறைத் தோட்டம்தான் பார்க்கிற மாதிரி இருக்கிறது. 1746இல் அடையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படையின் பாரடி என்பவர் தலைமையில் பயிற்சி பெற்ற சில நூறு பேர் நவாபின் சுமார் பத்தாயிரம் பேரைச் சிதறடித்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த இங்கிலீஷ்காரர்கள் உள்ளூர் ஆட்களையும் அதே மாதிரி அணிவகுக்கப் பழக்கினார்கள். 1767இல் லெப்டினன்ட் ஜான் கிளார்க் வெஜீஷியஸை இங்கிலீஷில் போட்டார். என் எட்டு ரூபாய்ப் புத்தகத்தில் இருப்பது அவர் மொழிபெயர்ப்புதான். கம்பம் நட்டவருக்கும் மதராஸ் ஜார்ஜ் கோட்டைச் சிப்பாய்க்கும் நேர்க்கோடு போட்டால் பொய்யாகிவிடும். ஒரே வாடை அடிக்கிறது, அவ்வளவுதான்.

வாடை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் கோட்டைக்குத் துப்பாக்கியும் சிப்பாயும் கவர்னரும் எப்படி வந்து இறங்கினார்கள்? சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அலை முறிகிற இடத்தைத் தாண்டிக் கரைக்கு வர வெள்ளைக்காரன் படகால் முடியாது, பலகை பிளந்துவிடும். மசூலாப் படகுதான் வர வேண்டும். பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்த படகு, ஆணி ஒன்றுகூட இல்லை. அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். யாராவது தண்ணீரில் விழுந்தால் எடுப்பதற்குப் பக்கத்திலேயே கட்டுமரக்காரர். கப்பலுக்குக் கடுதாசி கொண்டுபோனதும் அவர்தான், நனையாமல் கூம்புத் தொப்பிக்குள் வைத்து. 1876 வாக்கில் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, 1881 நவம்பரில் புயல் அதைப் பிய்த்துப் போட்டு, மறுபடி கட்டி முடிக்கிறவரை இதுதான் கதை. மீன்காரனைப் பாளையத்தில் விடாதே என்றார் வெஜீஷியஸ். மதராஸில் மீன்காரன் விட்டால்தான் பாளையத்துக்கே போக முடியும்.

இப்போது நாலாவது புத்தகம். என்னிடம் இருந்த பதிப்பில் மூன்றோடு சரி. மிச்சம் கோட்டை முற்றுகை, கடற்படை பற்றியது, பழங்காலத்து விஷயம், இன்றைக்கு உபயோகமில்லை என்று பதிப்பித்தவர் கழற்றிவிட்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் கடல் பகுதி இல்லாத வெஜீஷியஸைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். போன வருஷம் என் மகள் டேப்லெட்டில் முழுப் புத்தகத்தையும் இறக்கிக் கொடுத்தாள். மே மாசம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் ஆரம்பித்தபோது 45 நாள், 2017இலிருந்து 61. காசிமேட்டில் லாஞ்செல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், சிலதைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். பெரிப்பாவுக்கு 84 வயசு. ஐஸ் பெட்டி நிழலில் காலை நீட்டி, வலையைக் கட்டைவிரலில் மாட்டிப் பொத்தல் முடிந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டேப்லெட்டைத் தட்டினேன்.

"இன்னாடா அது, பேரன் படமா?"

"ரோமாபுரிக்காரர் எழுதுனது பெரிப்பா. கடலப் பத்தி."

"அங்க கடல் கீதா? சொல்லு."

நவம்பர் 11லிருந்து மார்ச் 10 வரை கடல் சாத்திக்கிடக்கும், யாரும் போகக் கூடாது. மே 27லிருந்து செப்டம்பர் 14 வரை பயமில்லாமல் போகலாம் என்று படித்தேன். "அவனுக்கும் தடைக்காலம்" என்றார் பெரிப்பா. நவம்பரில் நமக்கும் கடல் பொங்கும், ஆனால் நமக்கு ஐப்பசி பிறந்ததுமே பொங்க ஆரம்பித்துவிடும், அவன் கடல் லேட்டு என்றார். கப்பலுக்கு இரும்பாணியைவிடச் செம்பு கலந்த ஆணி நல்லது, துருவேறாது என்று படித்தேன். தலையாட்டினார். ஆழம் ஆக ஆக ஆபத்து குறைவு என்று படித்தபோது வலையைக் கீழே வைத்தார்.

"இது யார்னா கடல்காரன்கிட்ட கேட்டு எழுதிகிறான். கரையில கீறவனுக்கு இது தெரியாது. அவன் ஆழத்தப் பாத்துதான் பயப்படுவான். நமக்கு இந்த ஒடைக்கிற அலைதான எமன்."

அடுத்தது நிலா. நிலா சிவந்தால் காற்று, நீலம் பாய்ந்தால் மழை, இரண்டும் கலந்திருந்தால் புயல்.

"செவந்தா காத்து. செரி. நீலமா எங்க பாத்தான்? நிலாவ சுத்தி கோட்டை கட்டுறது எழுதலியா? கிட்ட கோட்டை எட்ட மழை, எட்ட கோட்டை கிட்ட மழை."

அதைத் தேடினேன், அவர் சொன்ன மாதிரி இல்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த வரிதான் கண்ணில் பட்டது. படிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துப் படித்தேன். இதெல்லாம் தங்களுக்குத் தெரியும் என்று மாலுமிகள் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் பழக்கம் கற்றுக்கொடுத்த அளவுதான் தெரியும், உயர்ந்த படிப்பு அவர்களை உருவாக்கவில்லை.

பெரிப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஊசியில் நைலான் நூலைச் சுற்றினார்.

"அவன் கடலுக்குப் போயிகிறானா?"

"இல்ல பெரிப்பா."

"சண்டைக்கு?"

"அதுவும் இல்ல."

"அப்ப இன்னாதான் வேலை பாத்தான்?"

"கவர்மென்ட்டுல பெரிய உத்தியோகம். படிச்சு, எல்லாத்தையும் சேத்து எழுதுவாரு."

"உன்ன மாதிரியா?"

நக்கல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. பன்னிரண்டு வயசில் நைனா என்னைக் கட்டுமரத்தில் ஏற்றிப் போனார். ஒடைக்கிற அலையைத் தாண்டுவதற்குள் குடல் வாயில் வந்துவிட்டது. கரை தெரியாத இடத்துக்குப் போகும்வரை வாந்தி. திரும்பி வந்து நைனா அம்மாவிடம் "இத பேனா புடிக்கவே உட்டுடு" என்றார். அதற்கப்புறம் நான் கடலில் இறங்கியதே இல்லை. ரிங்கிலும் தேறவில்லை. மீன்காரன் மகன் என்று முப்பத்தாறு வருஷமாக வெஜீஷியஸிடம் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் மூட்டை தூக்கியவரின் குத்தையும் மரம் தள்ளியவரின் காற்றையும் கேட்டு வைத்துக்கொண்டு பேசுகிறவன் நான். ஏழாம் அத்தியாயம் நைனாவைத்தான் வெளியே தள்ளியது. இரண்டாம் புத்தகம் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறது.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து சனி, ஞாயிறு பெரிப்பாவிடம் உட்காருகிறேன். முதலில் காற்று. வாடை, கச்சான், கொண்டல், ஒவ்வொன்றும் எந்த மாசம் எந்த நேரம் எழும்பும், எந்த மீனை எங்கே தள்ளும். அப்புறம் தண்ணீர். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. பழக்கத்தில் டாலி ஷீட் மாதிரியே கட்டம் போட்டுவிட்டேன். அதில் அடங்காத விஷயம்தான் அதிகம். ஓரத்தில் எழுதுகிறேன்.

450இல் கான்ஸ்டான்டினோபிளில் படி எடுத்த அந்த யூட்ரோபியுஸ் கடைசியில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்: ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரதி இல்லாமல் திருத்தினேன் என்று. போன ஞாயிற்றுக்கிழமை பெரிப்பாவிடம் எழுதிய வரைக்கும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தவர் கொண்டல் வந்ததும் கையைத் தூக்கினார்.

"இன்னா மாசம் போட்ட?"

சொன்னேன்.

"யார் சொன்னா?"

"நீதான் பெரிப்பா."

"நான் எங்க சொன்னேன், நீயா எழுதிகினு. அத அடி."

அடித்தேன்.